பத்து சென்ட்ல போட்டுப் பார்த்த லினக்ஸ்

புது ரக நெல்லு கைக்கு வந்தா நாங்க யாரும் மொத்த வயல்லயும் விதைக்க மாட்டோம். மூலையில பத்து சென்ட் ஒதுக்கிப் போட்டுப் பார்ப்போம். நல்லா வந்தா அடுத்த போகம் கூட்டிக்கலாம். வரலைன்னா நட்டம் அந்தப் பத்து சென்ட்டோட போச்சு. இந்தத் தடவை அதே மாதிரி என் லேப்டாப்புல லினக்ஸ் போட்டுப் பார்த்தேன்.

லேப்டாப் 2014ல வாங்கினது. 4 ஜிபி ராம். அதுல ஓடுற விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடிச்சுட்டாங்க. விண்டோஸ் 11 இந்தப் பழைய மெஷினுக்கு ஏறாது. ஆனா மெஷின் நல்லாத்தான் ஓடுது. உழற மாட்டை வயசாச்சுன்னு சந்தைக்கு ஓட்ட மனசு வருமா?

"சித்தப்பா, லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க. 2 ஜிபி ராம்லயே ஓடும், 4 இருந்தா நல்லா ஓடும்"னான் கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற அண்ணன் பையன். "விண்டோஸ் போயிருமா கண்ணு?"ன்னேன். "தொடவே வேண்டாங்க. முதல்ல பென்டிரைவ்லயே ஓட்டிப் பாருங்க"ன்னான்.

சுமார் 3 ஜிபி கோப்பு, ராத்திரி பூரா இறங்குச்சு. காலையில எட்சர்ங்கிற மென்பொருளை வெச்சு, மேசையில கிடந்த பென்டிரைவ்ல எழுதினேன். எழுதி முடிச்ச பின்னாடிதான் நெஞ்சு திக்குன்னுச்சு. இப்படி எழுதும்போது பென்டிரைவ்ல ஏற்கெனவே இருக்கறது எல்லாம் அழிஞ்சு போயிரும். மென்பொருள் எச்சரிக்கை காட்டுச்சு, நான்தான் படிக்காம தட்டிட்டேன்.

அதுல அப்பா குரல் இருந்தது. அவர் போறதுக்கு முந்தின வருசம் கிணத்து மேட்டுல உக்காந்து, எந்தக் காட்டுல என்ன விளைஞ்சது, கிணறு எந்தெந்த வருசம் வத்துச்சுன்னு சொன்னதை போன்ல பதிஞ்சிருந்தேன். நாப்பது நிமிசம். போன் கெட்டுப் போச்சு. லேப்டாப்புல ஒரு நகல், பென்டிரைவ்ல ஒரு நகல். இப்ப மிச்சம் லேப்டாப்புல இருக்கறது ஒண்ணுதான். அந்த லேப்டாப்பைத்தான் நோண்டப் போறேன்!

அதோட மூடி வெச்சுட்டேன். டவுனுக்குப் போய் வெளி ஹார்ட்டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டு வந்து, அப்பா குரல், போட்டோ, பன்னெண்டு வருசத் தோட்டக் கணக்கு எல்லாத்தையும் நகல் எடுத்தேன். எடுத்ததைத் திறந்து கேட்டும் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் தைரியம் வந்தது.

லேப்டாப் எழும்பும்போது எஃப்12 தட்டி (மெஷினுக்கு மெஷின் பொத்தான் மாறும்) பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தா மின்ட் ஓட ஆரம்பிக்குது. ஹார்ட்டிஸ்க்ல எதையும் நிறுவறதில்லை. ஆனா உங்க கோப்புகள் அதுல தெரியும், அழிச்சா நிஜமாவே அழிஞ்சிரும், அதனால கையைக் கட்டிட்டு இருங்க. வைஃபை கிடைச்சது, பாட்டுக் கேட்டது, தமிழ்99ல தட்டச்சு வந்தது, எக்செல் கணக்கு லிப்ரே ஆபீஸ்ல திறந்தது. பிரிண்டர் மட்டும் மசியல. ஒரு வாரம் இப்படியே ஓட்டினேன். பென்டிரைவ்ங்கறதால கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்.

பிடிச்சுப் போனதும் வரப்பு வெட்டினேன். விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி இடம் எடுத்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைச்சேன். அது இருந்தா விண்டோஸ் பாதித் தூக்கத்துலதான் மூடும், லினக்ஸ் அந்த இடத்துல எழுத முடியாது. புது லேப்டாப் வெச்சிருக்கிறவங்க பிட்லாக்கர் சாவியை முதல்ல எழுதி வெச்சுக்கோங்க.

நிறுவும்போது ரெண்டு வழி கேக்கும். விண்டோஸோட பக்கத்துல நிறுவறது ஒண்ணு, டிஸ்க் முழுசையும் அழிச்சு நிறுவறது ஒண்ணு. அந்த இடத்துல மட்டும் மூணு தடவை படிச்சேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு ஒருக்கா.

இப்ப லேப்டாப்பைப் போட்டா எது வேணும்னு ஒரு பட்டியல் வருது. மறுநாள் விண்டோஸைத் திறந்தா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி! பையனுக்கு போன் போட்டேன். லினக்ஸ் மெஷின் கடிகாரத்துல உலகப் பொது நேரத்தை வைக்குமாம், விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்குமாம். லினக்ஸ்ல ஒரு கட்டளை தட்டினதும் சரியாச்சு.

பிரிண்ட் எடுக்க மட்டும் விண்டோஸுக்குப் போறேன். மத்த வேலை எல்லாம் மின்ட்லதான், இந்தப் பதிவு உட்பட. நிறுவின அன்னைக்கு ராத்திரி முதல் வேலையா அதுல அப்பா பேசினதைப் போட்டுக் கேட்டேன். நடுவுல, "தண்ணி பாஞ்சு முடிஞ்சுதா, மடையை மாத்துடா"ன்னு என்னைத் திட்டறார். அதுவும் பத்திரமா இருக்கு.