தூணுக்கு உள்பக்கம்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர் என் கட்சிக்காரர். மாத வாடகை போக, ‘முன்பக்கம்’ என்று சொல்லிக் கட்டட உரிமையாளர் தனியாக ஒரு தொகை வாங்கிவந்தார். முன்பக்கம் என்றது வாசலுக்கும் தெருவோரத் தூண்களுக்கும் நடுவே இருக்கும் அஞ்சடி நடைவழியை. வெங்காய மூட்டை, தேங்காய், வாழைத்தார் எல்லாம் அங்கேதான். பாதையை அடைத்ததற்கு அபராத நோட்டீஸ் வந்ததும் பெரியவர் கேட்டார்: “இடத்துக்குக் காசு கொடுத்திருக்கேன் தம்பி. அபராதமும் நான்தான் கட்டணுமா?”

அபராதத்தை அவர்தான் கட்டினார். அதில் எனக்கு வாதமே இல்லை. வாங்கிய முன்பக்கக் காசைத் திருப்பிக் கேட்டதுதான் எங்கள் வழக்கு.

எதிர்த்தரப்பு மனை வரைபடத்தை நீட்டியது. எல்லைக்கோடு தூண்கள்வரை போகிறது. ஆகவே அஞ்சடியும் எங்கள் சொத்து என்றார்கள். கோடு சரிதான். ஆனால் அஞ்சடி விசித்திரமான சொத்து: பத்திரம் ஒருவர் பெயரில், நடக்கும் உரிமை ஊருக்கு. 1822-இல் ராஃபிள்ஸ் நகர்த் திட்டம் வகுத்தபோதே, தெருவின் இருபுறமும் எப்போதும் திறந்திருக்கும் தொடர்ச்சியான கூரைபோட்ட நடைவழி வேண்டுமென்று விதித்துவிட்டார். கடைக்காரர்கள் அதை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. 1888 பிப்ரவரியில் நகராட்சி அஞ்சடிகளைக் காலிசெய்ய முனைந்தபோது கடைகள் அடைக்கப்பட்டுக் கலவரமே வெடித்தது. இருந்தும் விதி நிலைத்தது. வீடுகளே வரிசையாக நிற்கும் பெட்டேன் ரோட்டில்கூட, 1930-இல் கட்டிய 18 வீடுகளின் பூ ஓடுகள் பதித்த தூண்களுக்கு உள்ளே யாரும் நடந்துபோகலாம். நடக்க விட்ட இடத்துக்கு வாடகை வாங்க முடியாது என்றேன்.

‘நாங்கள் வாடகைக்கு விடவில்லை, அவராகப் பரப்பிக்கொண்டார்’ என்று உடனே பேச்சை மாற்றினார்கள்.

நேரில் போய்ப் பார்த்தேன். தூணின் தலைப்பில் சுதையில் செய்த இலைக்கொத்து, ஊதுபத்திப் புகையேறிக் கறுத்திருந்தது. அதற்குக் கீழே வாழைத்தார் தொங்கும் இரும்புக் கொக்கிகள். கொக்கியைச் சுரண்டினால், சுவரில் அடித்திருந்த அதே மஞ்சள் பெயிண்ட். அந்தப் பெயிண்ட், பெரியவர் குடிவருவதற்கு முன்பே உரிமையாளர் அடித்தது; ஆகக் கொக்கி அதற்கும் முந்தியது. ரசீதை அவர்களே தாக்கல் செய்திருந்தார்கள், வேறொரு செலவுக் கணக்குக்காக!

இங்கேதான் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கொக்கி தங்களுடையது என்றால் முன்பக்கத்தை வாடகைக்கு விட்டது உறுதியாகும்; இல்லையென்றால் அவர்களுடைய ரசீதே இடிக்கும். அதோடு, தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989-இலேயே பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே பழைய தூணைத் துளைத்தது யார் என்ற கேள்வியை எந்த உரிமையாளரும் விரும்பமாட்டார். அடுத்த தவணைக்குள் சமரசத்துக்கு வந்தார்கள். முன்பக்கக் காசில் பெரும்பகுதி திரும்பியது; கொக்கிகளைக் கழற்றிப் பூசிக்கொடுப்பது உரிமையாளர் பொறுப்பு.

பெரியவருக்குப் பாதி மகிழ்ச்சிதான். “மூட்டையெல்லாம் உள்ளே வந்துடுச்சு, இப்ப நான் எங்கே நிக்கிறது?” என்றார். அதற்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது.