கிழிந்த வால் துடுப்பு



எங்கள் வீட்டுக் கூடத்திலுள்ள சிறிய மீன்தொட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கல்லூரி விடுதிக்குச் சென்ற என் மகள் என் பொறுப்பில் விட்டுப்போனது அது. அதிலுள்ள கப்பி மீன்களில் நீல வாலுடைய ஆண் மீன் ஒன்று என் காலை நேரத் தோழன். சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில், அதன் வால் பழந்துணியைப்போல் கிழிந்து தொங்குவதைக் கண்டேன்.

தவறு என்னுடையதே. கொளத்தூர் மீன் சந்தைக்குச் சென்றிருந்தபோது, கறுப்புக் கோடுகளின் அழகில் மயங்கி மூன்று டைகர் பார்ப் மீன்களை வாங்கிவந்து அதே தொட்டியில் விட்டிருந்தேன். நீண்ட துடுப்புள்ள மீன்களை அவை கொறிக்கும் என்பதை நான் விசாரிக்கவில்லை.

பதற்றத்தில் நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. கையில் கிடைத்த இரண்டு மருந்துகளை ஊற்றினேன். தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினேன். மறுநாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. ஒரு பெண் மீன் இறந்தும்போயிற்று. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சை மாற்றுகிற நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன என்பதைப் பிறகே அறிந்தேன். சுத்தம் செய்வதாக எண்ணி, காக்கிறவற்றையே அழித்திருந்தேன்.

மீன் வளர்ப்பில் அனுபவமுள்ள நம் சபைத் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, கடிக்கிறதை முதல்ல வெளியே எடுங்க. அப்புறம் தண்ணியைப் பாருங்க. மருந்து கடைசியிலதான்" என்றார்.

அப்படியே செய்தோம். காயமடைந்த மீனைத் தனித் தொட்டியில் விட்டு, லிட்டருக்கு 1 கிராம் அளவில் அயோடின் சேர்க்காத உப்பைக் கரைத்து ஊற்றினோம். குளோரின் நீக்கிய தண்ணீரால் சிறிது சிறிதாக நீரை மாற்றினோம். மாற்றிய நீரின் அளவுக்கு மட்டுமே மீண்டும் உப்பிட்டோம். உப்பு ஆவியாகிப் போவதில்லை அல்லவா? கிழிந்த ஓரம் வெளுத்தோ கறுத்தோ நாளுக்கு நாள் உள்நோக்கி அரித்துச் சென்றால் அது அழுகல் நோய், அப்போதுதான் மருந்து தேவை என்று அவர் விளக்கினார். இது வெறும் கிழிசல். துடுப்பின் அடிப்பகுதி சிதையாதிருந்தால் மீன் தானே அதை மீண்டும் வளர்த்துக்கொள்ளும்.

சில நாட்களில் கிழிந்த ஓரத்தில் கண்ணாடிபோல் நிறமற்ற மெல்லிய விளிம்பு தோன்றியது. முதலில் துடுப்பு வளர்கிறது. நிறம் பிறகே வருகிறது. அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கையில் வேறொரு முகம் என் மனக்கண்முன் வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஓர் ஊரில், குடும்பம் முறிந்த ஒரு சகோதரி ஆராதனைக்கு வருவார். அவரைக் குறித்த பேச்சு பெண்கள் வரிசையில் ஓயவில்லை. நான் அவர் வீட்டிற்கு வாரந்தோறும் சென்றேன், ஆலோசனைகளை அள்ளி வழங்கினேன், "பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றேன். பேசியவர்களிடமோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்கள் சபையின் தூண்கள். ஒரு ஞாயிறு முதல் அவர் வரவில்லை. அவருடைய விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று நானே பிறரிடம் கூறினேன். கடிபட்டவருக்கே மருந்துக்குமேல் மருந்து ஊற்றினேன். கடித்தவர்களை அதே தொட்டியில் விட்டுவைத்தேன்.

அந்த டைகர் பார்ப் மீன்களை நான் வெறுக்கவில்லை. அவை கூட்டமாக வாழவேண்டியவை; இரண்டு மூன்றாக அடைபட்டால் பிற மீன்களை அதிகமாய்க் கொறிக்கும் என்று தம்பி சொன்னார். அவருடைய பெரிய தொட்டியில் தம் இனத்தோடு இப்போது நலமாயிருக்கின்றன. கடிக்கிறவரையும் அன்போடு கண்டித்து வழிநடத்துவது மேய்ப்பனின் கடமையே. இரு சாராருக்கும் நான் அதைச் செய்யத் தவறினேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலோ நம் சபையிலோ காயப்பட்ட ஒருவர் இருந்தால், அவருக்கு அறிவுரை சொல்லுமுன் சுற்றியுள்ள தண்ணீரைப் பாருங்கள். கொறிக்கும் வாய் நம்முடையதுதானா என்றும் பாருங்கள்.

இந்த வாரம் அந்தச் சகோதரிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம், அவசரப்படுத்தும் உரிமை எனக்கில்லை. அவருக்காகவும் எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்