மாமாவின் புல்லட்டும் நாலு தவும்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

மலர்க் குழுத் தோழர்கள் என்னிடம் வந்து, "கவிதை மட்டும் வேணாம்ப்பா, கவிதை நெறைய வந்துடுச்சு. உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று தறி, மற்றொன்று புல்லட் எஞ்சின். தறியைப் பற்றி எழுத வேண்டியவர் என் அப்பா. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், கேட்டால் சிரிப்பார். ஆகவே நான் புல்லட்டைப் பற்றி எழுதுகிறேன்.

ஜெயங்கொண்டத்தைச் சுற்றி இலையூர், வாரியங்காவல் என்று போனால் தறிச் சத்தம் கேட்கும் என்பது வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்பா நெய்வதில் ஒரு பங்குச் சேலைகளையும், ஈரோட்டிலிருந்து வரும் லுங்கி, துண்டு வகைகளையும் மூட்டை கட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தவணைக்கு விற்பவர் என் தாய்மாமா. ஒருநாள் ஆண்டிமடம், ஒருநாள் மீன்சுருட்டி, ஒருநாள் தா.பழூர். அவருடைய வாகனம் 1986 மாடல் புல்லட் 350. மாமாவுக்கு வசூல் வந்தால் அப்பாவுக்குப் பணம். அப்பாவுக்குப் பணம் வந்தால் எனக்கு ஃபீஸ். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பு ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு சிலிண்டரில் என்றால் மிகையாகாது!

அந்த சிலிண்டர்தான் போன கோடையில் இரண்டு முறை பிடித்துக்கொண்டது. முதல் தடவை உடையார்பாளையம் ரோட்டில், இரண்டாவது தடவை அரியலூர் போகிற வழியில். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் 'கிரீச்' என்று நின்று, மூட்டையோடு மாமா சறுக்கியிருக்கிறார். நல்லவேளை, பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி எதுவும் வரவில்லை. வெளியூர் மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "எஞ்சின் போயிடுச்சு, எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார். புதுசு வாங்கக் கையில் ஏது பணம்? "இந்த வருஷம் உன் ஃபீஸுக்கு என்ன பண்றதுன்னு தெரியல மாப்ள" என்று மாமா சொன்ன அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலாம் ஆண்டிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்வரும் பட்டறை ஒன்று ஜெயங்கொண்டத்தில் இருக்கிறது. அங்கே உள்ள மேஸ்திரி முப்பது வருடமாக புல்லட் வேலை பார்ப்பவர், பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாதவர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஃபின்களுக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். சிமெண்டு மாதிரி ஒரு கட்டி உதிர்ந்தது.

"இது மூச்சு விட எடமில்ல தம்பி. அப்புறம் எப்படி ஓடும்?"

அரியலூர் ரோட்டுத் தூசியும் கசிந்த ஆயிலும் சேர்ந்து வெந்து இறுகிப்போன கட்டி அது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டம் கடலுக்கு அடியில் இருந்தது, அந்தக் கடலின் சிப்பிகள்தான் இன்றைக்குச் சுண்ணாம்புக்கல் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கடல் கடைசியில் என் மாமாவின் ஃபின்னில் வந்து அடைத்துக்கொண்டது! அதற்குமேல் யாரோ அழகுக்காக வெள்ளி பெயிண்டை இரண்டு கோட்டு வேறு அடித்திருந்தார்கள்.

தண்ணீரில் ஆறும் எஞ்சினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது. காற்றில் ஆறும் எஞ்சினுக்கு ஃபின்தான் ரேடியேட்டர். அதிலும் இரண்டு வகை உண்டு. நம்ம ஊர் பழைய ஆட்டோவில் எஞ்சின் பின்னால் ஒளிந்திருப்பதால், ஒரு ஃபேன் காற்றை இழுத்துத் தகட்டுக் கூட்டின் வழியாக அதன்மேல் ஊதும். உலகத்தில் இரண்டு கோடிக்கும் மேல் விற்று, 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரிலும் இதே ஏற்பாடுதான். கார் நின்றாலும் ஃபேன் சுற்றும். புல்லட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வண்டி ஓடினால்தான் அதற்குக் காற்று. மாமாவோ தெருத்தெருவாக நின்று நின்று, முதல் கியரிலும் இரண்டாவதிலும், இரண்டு மூட்டையோடு போகிறவர். அதுவும் அக்னி நட்சத்திரத்தில்!

எஞ்சினை இறக்கினோம். பிஸ்டனின் பக்கவாட்டில் கீறல் கீறலாக அலுமினியம் இழுபட்டிருந்தது. முந்தின வருடம் வெளியூர் லேத் ஒன்றில் ரீபோர் செய்து, கால் மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தார்கள். மேஸ்திரி அந்தப் பிஸ்டனை போருக்குள் விட்டு, கட்டைவிரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். "ரெண்டு தவுதான் விட்டிருக்கான். நாலு வேணும்" என்றார். தவு என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் 0.0254 மில்லிமீட்டர். கட்டைவிரல் எப்படி இதைச் சொல்லும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் அந்த இரும்பு ப்ளாக்கைச் சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் லக்கேஜுக்கு வாக்குவாதம் செய்து, நம் மெட்ராலஜி லேபுக்குக் கொண்டுவந்தேன். ஆசிரியர் அனுமதி கொடுத்ததோடு கூடவே நின்றார். பிஸ்டன் உரசாத அடிப்பகுதியில் போர் கேஜை வைத்து அளந்தோம். இடைவெளி 0.05 மில்லிமீட்டர். அச்சாக இரண்டு தவு!

ஏன் நாலு வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டால், "எங்க மேஸ்திரி அப்படித்தான் விடுவாரு" என்பார். எனக்கு முதலாமாண்டு பௌதிகப் புத்தகம் ஞாபகம் வந்தது. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் விரிவது 0.000023 பங்கு. வார்ப்பிரும்பு அதில் பாதி, ஏறத்தாழ 0.000011. எழுபது மில்லி பிஸ்டன் நூறு டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.16 மில்லி பருக்கும். அதே சூட்டில் இரும்பு போர் 0.08 மில்லிதான் விரியும். மீதி 0.08-க்கு இடம் எங்கே? இரண்டு தவு விட்டால் இருப்பது 0.05தான். பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? நாலு தவு என்றால் 0.10. ஆயில் படலத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும். பிஸ்டன் கலவையில் சிலிக்கான் இருப்பதால் அது சற்றுக் குறைவாக விரியும் என்பது உண்மைதான். ஆனால் போரைவிடப் பிஸ்டன் அதிகம் சூடாகும் என்பதும் உண்மை.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா தறிக்குழியிலிருந்து எழவில்லை. பாவு நூலில் ஒரு இழையை அறுத்துக் கொடுத்து, "இது எத்தனை தவு, அளந்து வா" என்றார். லேபில் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன், மூன்று தவு. வந்து சொன்னேன். "அப்ப நாலு தவுன்னா இந்த இழைக்குக் கொஞ்சூண்டு மேல. இதுக்குத்தான் மூணு வருஷம் படிக்க வெக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி நாடாவை ஓட்ட ஆரம்பித்தார். அன்றிலிருந்து அந்த இழை என் நோட்டுக்குள் இருக்கிறது.

இந்த முறை எங்கள் மேஸ்திரிக்குத் தெரிந்த லேத்தில், பக்கத்திலேயே நின்று, அரை மில்லி ஓவர்சைஸுக்கு நாலு தவு விட்டு ரீபோர் செய்தோம். கிராங்கில் பிக் எண்ட் மேலும் கீழும் ஆடியது. பழைய புல்லட்டில் அந்த இடத்தில் மிதக்கும் புஷ்தான் வரும். அதை எடுத்துவிட்டு ரோலர் பேரிங் போட முடிவானது. திருச்சியில் பிரஸ் செய்து, டயல் கேஜில் ஓட்டம் பார்த்து வாங்கிவந்தோம். வால்வுகளைப் பேஸ்ட் போட்டு அரைத்து, பாதையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தோம். கார்புரேட்டர் பேக்கிங்கின் துளை சிறியதாக இருந்து காற்றுப் பாதையில் உதடுபோல நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் துளைக்குச் சமமாக வெட்டினோம். ஃபின்களைச் சுரண்டி, பெயிண்டை உரித்து, மெல்லிய கறுப்பு மட்டும் ஒரு கோட்டு அடித்தோம்.

இனிதான் விவகாரம். ப்ளாக்குக்கு அடியில் ஒன்றரை மில்லி தடிமனில் ஓர் அலுமினியத் தகடு இருந்தது. எப்போதோ யாரோ வைத்தது. அதை எடுத்துவிட்டால் கம்ப்ரஷன் கூடும், இழுவை கூடும் என்றேன் நான். "கூடும். தட்டவும் செய்யும். பிஸ்டன்ல ஓட்டை விழுந்தா உங்க மாமாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் மேஸ்திரி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாக்பீஸை என் கையில் கொடுத்து, "கணக்குப் போட்டுக் காட்டு" என்றார்.

பட்டறைத் தரையிலேயே போட்டேன். புல்லட்டின் போர் 70, ஸ்ட்ரோக் 90 மில்லி, கொள்ளளவு 346 சி.சி. அரை மில்லி பெரிதாக்கியதால் இப்போது 351. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை நேர்மேலாக இருக்கும்படி எஞ்சினைச் சாய்த்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சிரிஞ்சால் ஆயிலை அளந்து விட்டோம். 64 சி.சி. பிடித்தது. 351-ஐ 64-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 6.5. தகட்டை எடுத்தால் 6 சி.சி. குறைந்து 58. அப்போது 7.05. இந்த எஞ்சினின் வடிவம் 1949-இல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரில் பிறந்தது. போர்க்காலத்தில் வந்த மட்டமான 'பூல்' பெட்ரோல்தான் 1953 வரை அங்கே கிடைத்தது. அதற்குத் தோதாகத்தான் கம்ப்ரஷனைக் குறைவாக வைத்தார்கள். இன்றைக்கு நம் பங்க்கில் சாதாரண பெட்ரோலே 91 ஆக்டேனுக்குக் குறையாது. ஏழு என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

மேஸ்திரி தரையை வெகுநேரம் பார்த்தார். "வால்வு போய் பிஸ்டன்ல இடிக்காதுன்னு எப்படிச் சொல்ற?" என்றார். நல்ல கேள்வி. பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமாவை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றினோம். வால்வு பதிந்த இடத்தை பிளேடால் வெட்டி அளந்தோம். மெலிந்த இடத்திலும் 2 மில்லிக்குக் குறையவில்லை. "சரி, எடு தகட்டை" என்றார்.

இதற்குள் மாமா பையன், அதாவது என் மச்சான், புது யோசனைகளோடு வந்துவிட்டான். பெரிய கார்புரேட்டர், சத்தம் போடும் சைலன்சர், இன்னும் என்னென்னவோ. சேலை விற்கப் போகிறவருக்கு எதற்கடா ஊரை எழுப்பும் சைலன்சர்? வாசலில் பெண்களோடு பேசித்தான் வியாபாரம் செய்ய வேண்டும். பழைய 24 மில்லி கார்புரேட்டரே போதும் என்று விட்டோம். மெயின் ஜெட்டை மட்டும் ஒரு சைஸ் கூட்டினோம். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை சூட்டைக் கூட்டும். காற்றில் ஆறும் எஞ்சினுக்கு அது ஆகாது. பழைய ரப்பர் ட்யூபையும் அதே காரணத்துக்காக மாற்றிவிட்டோம்.

ராத்திரிகளில் இங்கிலீஷ் மேனுவலை அகராதி வைத்துக்கொண்டு படித்து, மறுநாள் மேஸ்திரிக்குத் தமிழில் சொல்வது என் வேலை. பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லி முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும் என்று படித்தேன். "அட, அதுதான் இது" என்று சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு இடையில் வைத்து, தாள் நழுவும் இடத்தைக் காட்டினார். அளந்து பார்த்தால் அதேதான். புஷ் ராட் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது என்பதும் மேனுவலில் இருக்கிறது. அதை நான் படிப்பதற்குள் அவர் செய்து முடித்திருந்தார்.

ரெட்டிட்ச்சில் 1971-க்குள் தயாரிப்பு நின்றுபோனது. ஆனால் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, சென்னை திருவொற்றியூரில் இதே எஞ்சினை விடாமல் செய்துகொண்டிருந்தது. 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது! வார்ப்பிரும்பு போர் எஞ்சின் ஏறத்தாழ 2010 வரை வந்தது. அதனால்தான் சாமான் இன்றைக்கும் கிடைக்கிறது. இல்லையென்றால் மாமா வண்டி அன்றைக்கே எடைக்குப் போயிருக்கும்.

பூட்டி முடித்த அன்று மாமா சாமி கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி, நான்தான் உதைத்தேன். மூன்றாவது உதையில் பிடித்தது. மேஸ்திரி முதலில் செய்த காரியம், ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைத் தளர்த்தி ஆயில் வருகிறதா என்று பார்த்ததுதான். வந்தது. அதன்பிறகுதான் டீ சொன்னார்.

முதல் 150 கிலோமீட்டர் மூட்டையில்லாமல், ஐம்பதைத் தாண்டாமல் மாமா ஓட்டினார். அப்புறம் ஒரு மூட்டை. ஒருநாள் மத்தியான வெயிலில் மீன்சுருட்டிவரை நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். தட்டும் சத்தம் வருகிறதா என்று காது முழுக்க எஞ்சின்மேல்தான். ஒன்றும் இல்லை. நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன், வறுத்த முந்திரி நிறத்தில் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் அந்த நிறத்தை விளக்க வேண்டியதில்லை. "மூணாவது கியர்லயே இழுக்குது மாப்ள. முந்தி ரெண்டாவதுக்கு மாத்தணும்" என்றார் மாமா. ஃபீஸ் அபராதத்தோடுதான் கட்டினோம், ஆனாலும் கட்டிவிட்டோம்.

இதை எழுதும்போது மீட்டரில் 430 ஆகியிருக்கிறது. ஐந்நூறில் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டுகளை எஞ்சின் ஆறியிருக்கும்போது மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. மேனுவலையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். ஆண்டிமடத்திலிருந்து இன்னொரு பழைய புல்லட் வந்து நிற்கிறதாம், அதுவும் பிடித்துக்கொண்டதுதானாம்.