‘புரியுது அக்கா!’

தன்னார்வலராகப் போகிறவர்கள் முதல் நாள் கையில் கொண்டுபோவது பென்சில், கலர் பேப்பர், மிட்டாய். மனத்தில் கொண்டுபோவது இரக்கம். மலேசியாவின் பாகான் டத்தோ தோட்டப்புறத்தில் பென்சிலும் மிட்டாயும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரக்கத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

ஈப்போவிலிருந்து வார இறுதி வகுப்பு எடுக்க வந்த ஒரு பட்டதாரிப் பெண்ணுக்கும் அதே கதைதான். தெலுக் இந்தானைத் தாண்டினால் ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் எதுவும் கண்ணில் படாது. பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவே தட்டையான நிலம். வாய்க்கால், தென்னை, செம்பனை, மறுபடியும் வாய்க்கால். வகுப்பு நடப்பது கோயில் மண்டபத்தில். வாடிய முகங்களை எதிர்பார்த்து வந்தவருக்கு முன்னால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகளும் நெற்றி நிறைய திருநீறும். பாயை விரிப்பதற்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது. “அக்கா, அந்தக் காடி உங்களோடதா?” “எந்தத் தாமான்ல இருக்கீங்க?” “கல்யாணம் ஆயிருச்சா?” எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகே பாடத்துக்கு அனுமதி.

அன்றைய பாடம் பின்னம். ரொட்டியை நான்காக வெட்டி, வட்டம் வரைந்து, வண்ணம் தீட்டி விளக்கிவிட்டு “புரியுதா?” என்றார். “புரியுது அக்கா!” என்று மண்டபமே அதிர்ந்தது. இவ்வளவு சுலபமா என்று நிம்மதியாக முன்வரிசைப் பையனின் நோட்டை எடுத்தார். படிவம் 1 மாணவன். கேள்விகளை அச்சடித்ததுபோல எழுதி, தலைப்புக்குக் கீழே அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருந்தான். பதில் எழுத விட்ட இடம் ஐந்து பக்கத்துக்கும் வெறுமை.

முதல் கேள்வியை வாசிக்கச் சொன்னார். மலாய் வாக்கியம், தடங்கலே இல்லாமல் வாசித்தான். என்ன கேட்கிறார்கள் என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். அதே கணக்கைத் தமிழில், ஒரு தொட்டியில் முக்கால்வாசித் தண்ணீர் இருக்கிறது, அதில் பாதியைத் தோட்டத்துக்கு ஊற்றிவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். பென்சிலைக் கடித்தான், மூன்று வரி போட்டான், விடை சரி.

ஆறாண்டு தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, ஏழாவது ஆண்டு மலாய் வகுப்பில் போய் உட்காருகிறது. ரிமூவ் கிளாஸ் என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுப் படிவம் 1-க்கு வருகிறவர்களும் உண்டு. புரியவில்லை என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். வெகுதூரத்திலிருந்து வந்த அக்காவின் மனமும் சங்கடப்படும். ஆகவே எல்லாருக்கும் எல்லாமும் புரிகிறது.

பிள்ளைகள் அந்த ஆறாண்டு படிக்கிற தமிழ்ப்பள்ளிகளின் கதை நெடியது. ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியியலாளர் 1906இல் இந்தப் பகுதியில் ஜெண்டராத்தா ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டம் பிரிவு பிரிவாக விரிந்தது. பிரிவின் பெயரையும் எண்ணையும் சுமந்த தமிழ்ப்பள்ளிகள் அங்கே உருவாயின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆள்தேவை குறைந்தது, இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களிலும் மலிவுவிலை வீடுகளிலும் குடியேறின.

வீடு வரைக்கும் போய்ப் பார்க்கிற தன்னார்வலருக்குப் பாடப்புத்தகத்தில் இல்லாத காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். சனிக்கிழமை வராத பையன் சித்தப்பாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போயிருப்பான். நன்றாகப் படிக்கிற பிள்ளை பரீட்சை என்றால் ஒதுங்கும். கேட்டால் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல். கல்யாணம் கோயிலில் நடந்திருக்கும், பதிவு செய்திருக்க மாட்டார்கள். அப்படிப் பதிவாகாத கல்யாணத்தில் அம்மா வெளிநாட்டவர் என்றால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. ஆவணமில்லாத இந்தியர்களுக்காக 2011இல் அரசாங்கம் ‘மைடஃப்தார்’ பதிவு இயக்கம் நடத்தியது. அதன் பிறகும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை.

இப்படி ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் போய் வேறெங்கோ போய்ச் சேர்ந்தவர்கள் பலர். லண்டனின் ஸ்டெப்னி சேரியில் ஏழைப் பையன்களுக்கான மன்றத்துக்கு 1905இல் வசதியான வீட்டைச் சேர்ந்த, சட்டம் படித்த ஓர் இளைஞர் எட்டிப்பார்க்கப் போனார். பிறகு அதன் பொறுப்பாளராகி அங்கேயே தங்கினார். பையன்களின் வீட்டு வாடகையும் அப்பாக்களின் கூலியும் அவர் அரசியலையே புரட்டிப்போட்டன. அவர் கிளமெண்ட் அட்லி. இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டனின் பிரதமர். இங்கே, 1980களின் பிற்பகுதியில் மலேசிய தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் காஜாங் வட்டாரத் தோட்டங்களுக்கு டியூஷன் எடுக்கப் போனார்கள். அவர்களில் ஒருவரான எஸ். அருட்செல்வன், 1998இல் மலேசிய சோசலிசக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

எல்லாரும் அரசியலுக்குப் போகவில்லை. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையே வழிகாட்டிகளாக்கி நாடெங்கும் வார இறுதி வகுப்புகளை நடத்தியது. அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளே அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டிகளாகத் திரும்பி வந்தார்கள்.

ஈப்போப் பெண் இப்போது “புரியுதா?” என்று கேட்பதில்லை. மலாய்க் கேள்வியை முதலில் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும், பிறகுதான் பென்சிலைத் தொடலாம் என்பது வகுப்பின் சட்டம். கணக்குப் போட்டவன் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லித்தர வேண்டும். அவன் போட்டால்தான் இவனுக்கு மதிப்பெண். கலர் பேப்பர் வாங்கும் காசு மலாய்-தமிழ் அகராதிக்குப் போகிறது. வாரநாளில் ஒருநாள் லீவு எடுத்து, பத்திரமில்லாத பிள்ளையின் அம்மாவோடு பதிவிலாகா வரிசையில் நிற்கிறார். பாரம் மலாயில் இருக்கிறது. அம்மா சொல்லச் சொல்ல இவர் நிரப்புகிறார்.