முதியோர் இல்லத்து மீன்தொட்டி

மீன்தொட்டி வைத்திருப்போர் பலரும் மீனுக்கு இரையிடுவதிலும் கண்ணாடியைத் துடைப்பதிலும் காட்டும் அக்கறையை, அத்தொட்டியின் நீரைச் சுற்றிவரச் செய்யும் குழாயின்மேல் காட்டுவதில்லை. அது மறைவில் கிடப்பதால் மறதிக்கு ஆளாகிறது போலும். குடிநீர்க் குழாய்ப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற எனக்கோ, எந்தத் தொட்டியைக் கண்டாலும் கண் முதலில் குழாயின் பக்கமே செல்லும்.

எங்கள் பங்கில் அருட்சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று உண்டு. அதன் முன்கூடத்தில், நன்கொடையாளர் ஒருவர் அளித்த நான்கடி நீளத் தொட்டி இருக்கின்றது. கொளத்தூரிலிருந்து வாங்கி வந்த தங்கமீன்கள் ஆறும் கௌராமி மீன்கள் இரண்டும் அதில் விடப்பட்டிருந்தன. ஒரே மாதத்தில் தங்கமீன்கள் இரண்டு மாண்டுபோயின.

அங்கே எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கின்றார். விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்து, கூடத்தில் அமர்ந்து செபமாலை சொல்வது அவர் வழக்கம். “மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது” என்று நாள்தோறும் அவர் முறையிட்டு வந்தார். ஆனால் எட்டு மணிக்கு மற்றவர்கள் வந்து நோக்கும்போது மீன்கள் நலமாகவே நீந்திக்கொண்டிருக்கும். பாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டது என்றனர் சிலர். நினைவு தடுமாறுகின்றது என்றனர் வேறு சிலர். அவர் இருட்டில் எழுந்து நடமாடாதபடி கூடத்துக் கதவை இரவில் பூட்டிவிடலாமா என்ற பேச்சும் எழுந்துவிட்டது. முதியவர் ஒருவரின் சொல்லை நம்பாமற்போவது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகின்றது!

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தலைமைச் சகோதரி என்னிடம், “ஐயா, கடைக்காரர் இதைவிடப் பெரிய பம்பு போடச் சொல்கிறார். வாங்கிவிடலாமா?” என்று வினவினார்.

“பொறுங்கள் மதர். இப்போது எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று அளந்து பார்ப்போம்” என்றேன்.

நான் கூடத்துள் நுழைந்ததும் பாட்டி என் கையைப் பற்றிக்கொண்டார். “தம்பி, நான் பொய் சொல்லலே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தொட்டியில் நீர்ச்செடிகள் அடர்ந்திருந்தன. பகல் வெளிச்சத்தில் அவை பிராணவாயுவை வெளிவிடும். இரவிலோ மீன்களைப் போலவே அவையும் அதனை உட்கொள்ளும். ஆதலின் நீரில் கரைந்துள்ள பிராணவாயு விடியும் முன்னரே மிகவும் குறைந்திருக்கும். வெளிச்சம் வந்து சில மணி நேரம் சென்றால் நிலைமை சீர்ப்பட்டுவிடும். பாட்டி கண்டதும் மெய். மற்றவர்கள் கண்டதும் மெய். கௌராமிகள் பிழைத்திருந்ததும் இதற்குச் சான்று. அவ்வினத்து மீன்கள் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரே சுவாசிக்கும் தனி உறுப்பு படைத்தவை. தங்கமீனுக்கு அஃது இல்லை. அது குளிர்ந்த நீரை விரும்புவதும்கூட. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயு கரையும். 30 பாகையில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான். சென்னைக் கோடையில் மீனுக்கு மூச்சு முட்டுவதில் வியப்பில்லை.

அன்று மாலையே சிறு காற்றுப் பம்பு ஒன்றைத் தற்காலிகமாக வைத்துவிட்டு, வாளியும் கைக்கடிகாரமுமாக மறுநாள் சென்றேன். தொட்டியின் கீழே, அலமாரிக்குள், நீரைத் தூய்மை செய்யும் சிறு தொட்டி ஒன்று இருந்தது. மேல்தொட்டியின் நீர் அதில் தானே இறங்கும். அங்கிருந்து பம்பு அதனை மீண்டும் மேலேற்றும். மேலேறும் நீரை வாளியில் பிடித்தேன். 10 லிட்டர் நிறைய 90 விநாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 400 லிட்டர். தொட்டியில் இருப்பதோ சுமார் 220 லிட்டர். முழு நீரும் மணிக்கு நான்கு முறையேனும் சுற்றிவருவது நல்லது என்பர். இங்கு இரு முறைகூடச் சுற்றவில்லை. மேற்பரப்பில் சிற்றலையும் இல்லை. காற்றிலிருந்து பிராணவாயு நீருக்குள் செல்வது அந்த மேற்பரப்பின் வழியேதான். அது அசையாமல் கிடந்தால் அடிநீர் மேலே வர வழியில்லை.

பம்பின்மேல் 2000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தது. வாங்குவோர் பலர் ஏமாறும் இடம் இதுவே. அவ்வளவு நீர் கிடைப்பது, சிறிதும் உயரம் ஏற்றாதபோது மட்டுமே. அதனருகில் 2 மீட்டர் என்றும் இருந்தது. அந்த உயரத்தில் ஒரு சொட்டும் ஏறாது என்பது அதன் பொருள். இங்கே நீர் ஏற வேண்டிய உயரம் 1.2 மீட்டர்.

பம்பைக் கழற்றினேன். உள்ளே சுழலும் இறக்கையில் உப்புப் படிவும் வழவழப்பும் ஏறியிருந்தன. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி மாட்டியதும் 90 விநாடி 82 ஆயிற்று. அப்படியானால் பெருந்தடை வேறிடத்தில் உள்ளதென்று துணிந்தேன். பம்பின் வாய் 20 மில்லிமீட்டர். அதைப் பொருத்தியவரோ ரிடியூசர் ஒன்றை மாட்டி, 12 மில்லிமீட்டர் குழாயாகக் குறுக்கியிருந்தார். பார்வைக்கு நேர்த்தியாக இருக்க வேண்டுமென்று அலமாரியின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றி, ஏழு எல்போக்களும் போட்டிருந்தார்.

நீர் ஓடும்போது குழாயின் சுவரோடு உராய்ந்து அழுத்தத்தை இழக்கின்றது. விட்டம் பாதியானால், அதே அளவு நீரைச் செலுத்துவதில் ஏற்படும் உராய்விழப்பு இருமடங்கன்று. ஏறக்குறைய 32 மடங்கு! பம்பின் வலிமையில் பெரும்பகுதி அந்த ஒடுங்கிய குழாயிலேயே கரைந்து போயிற்று. பெரிய பம்பு வாங்கியிருந்தால் பணமும் மின்சாரமும் செலவாகும். அதன் சூடு வேறு தண்ணீரில் சேரும். எனவே வேண்டாமென்று உறுதியாகச் சொன்னேன்.

20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயைக் குறுக்கு வழியில் நேராக ஏற்றினேன். திரும்ப வேண்டிய இரண்டு இடங்களிலும் ஓர் எல்போவுக்குப் பதிலாக 45 பாகையில் வளையும் துண்டுகள் இரண்டைச் சேர்த்தேன். அதே அளவு நீருக்கான உராய்விழப்பு முன்னிருந்ததில் 13ல் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அதற்கு முன்னதாகவே, கீழிறங்கும் குழாய் கூடுதல் நீரைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டேன். அதனைத் தள்ள பம்பு கிடையாது, தன் எடையால் மட்டுமே நீர் இறங்குகின்றது. அது சிறிதானால் கூடமெல்லாம் வெள்ளமாகும். நல்லவேளையாக அது 25 மில்லிமீட்டர் இருந்தது.

வாளி இம்முறை 40 விநாடியில் நிறைந்தது. மணிக்கு 900 லிட்டர். குழாயின் வாயை மேற்பரப்பை ஒட்டித் திருப்பியதும் நீர் சிலுசிலுவென்று அலையாடியது. எருசலேமில் ஆட்டு வாயிலருகே இருந்த குளம் பாட்டிக்கு நினைவு வந்துவிட்டது போலும். “தண்ணி கலங்கினாத்தானே தம்பி சுகம்!” என்றார். கூடத்துக் கதவைப் பூட்டும் பேச்சு அத்துடன் அடங்கியது. விடியற்காலையில் மீன்களைக் கண்டு சொல்லும் பொறுப்பைத் தலைமைச் சகோதரி அவரிடமே ஒப்படைத்துவிட்டார்.

மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிவிடும். அதைத் தடுக்க, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே அக்குழாயில் 3 மில்லிமீட்டர் துளையிட்டேன். மட்டம் தாழ்ந்ததும் அதன்வழி காற்றுப் புகுந்து ஓட்டம் அறுபடும். சுவிட்சை அணைத்துச் சோதித்தபின்பே கருவிகளைக் கட்டினேன்.

கீழ்த்தொட்டியின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாதென்றும் சொல்லி வைத்தேன். மீன்கழிவின் நச்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றன. குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டி நீரையே சிறிது எடுத்து அலசினால் போதும். மாதத்தின் முதற்சனிக்கிழமை தோறும் வாளி நிறையும் நேரத்தைச் சகோதரி ஒருவர் குறித்து வைக்கின்றார். சென்ற மாதம் 47 விநாடி என்று எழுதியிருந்தது. பஞ்சை அலசச் சொல்லி வந்தேன்.