இரட்டைப் பட்டம்

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றால் நம்மவர்களுக்கு எப்போதுமே ஒரு சபலம். கல் எவ்வளவு கனம் என்று யாரும் விசாரிப்பதில்லை. இப்போது இந்தச் சபலம் காலேஜ் படிப்புக்கும் வந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்து ஐந்து வருஷம் படித்தால் பி.பி.ஏ., எல்.எல்.பி. என்று பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம். வியாபார நிர்வாகத்தையும் சட்டத்தையும் தனித்தனியாகப் படித்தால் மூன்றும் மூன்றும் ஆறு வருஷம். ஆக, ஒரு வருஷம் லாபம்.

இந்த லாபக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவர் கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் தங்கையின் கணவர். "பெண் வக்கீலும் ஆச்சு, கடையைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஆச்சு, மச்சான். 2017-லிருந்து இந்த ஜி.எஸ்.டி. நோட்டீசுக்குப் பதில் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது" என்றார். நாவல் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. என் கதை ஒன்றில் வக்கீல் ஒருவர் வருகிறார் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. இருந்தாலும் தாய்மாமன் உத்தியோகத்திலிருந்து ராஜினாமா செய்ய முடியுமா? விசாரிக்கப் புறப்பட்டேன்.

ஐந்து வருஷப் படிப்பு மட்டமானது என்று யாரும் எண்ண வேண்டாம். பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளி 1988-ல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதற்குப் பிறகுதான், கெட்டிக்காரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே சட்டத்துக்குப் போவது கௌரவமான காரியமாயிற்று. வேறு எதிலும் இடம் கிடைக்காதவன் சட்டம் படிப்பான் என்ற பழைய கேலி அதோடு மங்கிப் போய்விட்டது. கம்பெனிச் சட்டமும் வரிச் சட்டமும்தான் தன் வாழ்க்கை என்று பதினேழு வயதிலேயே ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், ஐந்தொகை படிக்கவும் ஒப்பந்தம் படிக்கவும் ஒன்றாகப் பழகுவது நல்லதுதான். அவள் ஒரு நாள்கூட யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் பதினேழு வயதில் நிச்சயமாகத் தெரிகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு இருபத்தெட்டிலும் தெரியவில்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விளம்பரத் தாள்களில் இது பெரிய எழுத்தில் வருவதில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் வருஷத்துச் சட்டக் கல்வி விதிகளின்படி, இந்த இரட்டைப் படிப்பைப் பாதியில் பிரித்து ஒரு பட்டம் மாத்திரம் கொடுக்கக் கூடாது. மூன்று வருஷம் படித்துவிட்டுச் சட்டம் கசந்து போய் வெளியே வந்தால், பி.பி.ஏ. கூடக் கையில் இராது. நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காத ரயில். தனியார் காலேஜில் லட்சக் கணக்கில் கட்டிய பணமும் அதே ரயிலில் போய்விடும். தங்கைக்கு இன்னொரு பிள்ளையும் படிக்க வேண்டியிருக்கிறது.

கும்பகோணத்தில் பேசும்போது ராமானுஜன் ஞாபகம் வராமல் இராது. 1904-ல் உபகாரச் சம்பளத்தோடு அங்கே காலேஜில் சேர்ந்த அந்த மேதை, கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு, அந்தச் சம்பளத்தையும் இழந்தார். என் தங்கை பெண் ராமானுஜன் அல்ல. ஆனால் கணக்குப் பதிவு என்றால் அவளுக்கு உயிர். மற்றதெல்லாம் அவ்வளவுக்கவ்வளவுதான்.

நாங்கள் பெரியவர்கள் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்தான் கேட்டாள்: "மாமா, வக்கீலாகிவிட்டால் நான் கடையில் உட்காரலாமா?"

யாருக்கும் தோன்றாத கேள்வி. விதிகளைப் புரட்டினேன். தொழில் நடத்தும் வக்கீல் தாமே நேராக வியாபாரம் செய்யக் கூடாது. பரம்பரையாக வந்த குடும்ப வியாபாரமானால் அது தொடரலாம். நிர்வாகத்தில் மாத்திரம் அவர் கை வைக்கக் கூடாது. வியாபாரத்தில் பங்கு வேண்டுமென்றால் தூங்கும் கூட்டாளியாக இருக்கலாம், அதற்கும் நிபந்தனை உண்டு. நிர்வாகத்துக்கு ஒரு பட்டம், நிர்வாகம் செய்யாதே என்று தடுக்கும் தொழிலுக்கு ஒரு பட்டம்! மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

"அப்போ நோட்டீசுக்கு யார் பதில் சொல்வது?" என்றார் கடைசியில்.

அதையும் பார்த்து வைத்திருந்தேன். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 116-ஆம் பிரிவு, அதிகாரியின் முன் வியாபாரிக்காக அவருடைய உறவினரே ஆஜராகலாம் என்கிறது. அதற்குப் பட்டம் கேட்கவில்லை. பிறருக்காகவும் அந்த வேலையைச் செய்ய வேண்டுமென்றால், பி.காம். படித்தவர்கள் பரீட்சை எழுதி ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் ஆகலாம்.

பி.காம். என்று முடிவாயிற்று. ஒற்றைப் பட்டம், மூன்று வருஷம், வீட்டிலிருந்து போய்வரும் தூரம். சட்டத்தில் ஆசை வந்தால் அதற்குப் பிறகு மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது. ஒரு வருஷம் கூடத்தான் ஆகும், ஆகட்டும். தங்கைக்கு ஒரே நிம்மதி. மாப்பிள்ளைக்கு முழுத் திருப்தி இல்லை. "ஒரு வருஷம் நஷ்டம்தானே, மச்சான்" என்று டெலிபோனில் இன்னமும் சொல்கிறார். பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய்ப் பேரேட்டைச் சரிபார்க்கிறாளாம். போன மாதம் செம்புக் குடக் கணக்கில் நானூறு ரூபாய் உதைக்கிறது என்று அப்பாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் குறை ஏதும் தெரியவில்லை.