மில்லிமீட்டர் வண்டி

எங்கள் மாமா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் டூல் ரூமில் டர்னர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் சிவாஜிநகர் குஜிரி என்ற பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு அல்சூர் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு அடிக்கிற பச்சை எனாமல் பெயின்ட், பிரஷ் போன தடம் தெரிய அடித்திருந்தது. ஹெர்குலஸ் ஹேண்டில் பார், முன்னும் பின்னும் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சக்கரம், மட்கார்டும் இல்லை கேரியரும் இல்லை. அத்தைக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. "இருக்கிற வண்டி போதாதா?" என்று உள்ளே போய்விட்டார். எனக்கோ அதை விட்டு நகர மனசில்லை. அப்பாவின் ராலேயை ஸ்டாண்டு போடவே மூச்சு முட்டும். இதை ஒரு கையால் தூக்க முடிந்தது.

மிதித்தால் கடகடவென்று ஆடியது. தெருமுனை பாய் கடைக்குக் கொண்டுபோனோம். ஹெர்குலஸ், அட்லஸ், ஹீரோ எல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. காட்டர் பின்னைத் தட்டி எடுத்து, கிராங்கைக் கழற்றி, செயின் பக்கத்தில் கிராங்க் அச்சைத் தாங்கும் கப்பில் ஸ்பேனரைப் போட்டார். நம் ஊர் வண்டிகளில் அந்தப் பக்கம் இடது மரை. வலப்புறம் திருப்பினால்தான் கழலும். அவர் அப்படித்தான் திருப்பினார். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி மிதித்தார். கப் இன்னும் இறுகியதுதான் மிச்சம். குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா, "பாய், ஒரு தடவை மாத்தித் திருப்பிப் பாருங்களேன்" என்றார். "மாத்தியா? அது எப்படி சார் வரும்?" என்றபடியே பாய் திருப்பினார். சின்ன முனகலோடு கப் கழன்று வந்தது. பாய் அதைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, மரையை நகத்தால் வருடி வருடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முப்பது வருஷத்துல நான் பார்த்ததில்லை, சார்."

அன்று சாயந்திரமே மாமா வெர்னியரை எடுத்துவிட்டார். மேல் பார் 26 மில்லிமீட்டர். கீழே சாய்ந்து இறங்கும் குழாய் 28. இரண்டும் முழு எண்கள். அப்பாவின் ராலேயை அளந்தால் 25.4, 28.6 என்று வந்தது. அதாவது ஒரு இஞ்ச், ஒன்றே அரைக்கால் இஞ்ச். மரை கேஜின் ஒரு மில்லிமீட்டர் இலை அந்தக் கப்பின் மேல் இடுக்கில்லாமல் உட்கார்ந்தது. "இது இஞ்ச் வண்டி இல்லடா, மில்லிமீட்டர் வண்டி" என்றார் மாமா. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் இரண்டு உலகமும் இருந்தன. பிரிட்டனின் நாட் விமானம் இஞ்சில் வந்தது. 1962 ஒப்பந்தப்படி பிரான்ஸிலிருந்து வந்து இங்கே சேத்தக் ஆன அலூயத் ஹெலிகாப்டர் மில்லிமீட்டரில் வந்தது. அந்தப் பழக்கத்தில்தான் அவர் கண் பிரான்ஸ் பக்கம் போனது.

சரியாகவே போனது என்பது பிற்பாடு படித்தபோது புரிந்தது. 35 மில்லிமீட்டர் கப், ஒரு மில்லிமீட்டர் மரை, இரு பக்கமும் வலது மரை: இது பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம். இத்தாலிய வண்டியிலும் இரு பக்கமும் வலது மரைதான், ஆனால் கப் 36. சுவிஸ் வண்டியில் அளவு பிரெஞ்சுதான், செயின் பக்கம் மட்டும் இடது மரை. நம் நாட்டில் சென்-ராலேயும் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸும் பிரிட்டிஷ் கூட்டில் பிறந்தவை. மெட்ரிக் முறை 1958-இல் நடைமுறைக்கு வந்து கடைத்தராசு வரை மாறிவிட்டது. சைக்கிளின் மரை மட்டும் இஞ்சிலேயே நின்றுவிட்டது. பாய் கை ஏன் அப்படித் திரும்பியது என்பதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பச்சை பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட இன்னும் தெரிந்தது. முன் பிரேக் பழையதுதான். அலுமினியத்தில் 'மாஃபாக்' என்ற எழுத்து வார்த்திருந்தது, கிளெர்மோன்-ஃபெரான் ஊர்ச் சரக்கு. பழைய 622 மில்லிமீட்டர் விட்ட ரிம்முக்குச் செய்த பிரேக், இப்போதிருந்த 590 ரிம்மைத் தொட வேண்டும். பதினாறு மில்லிமீட்டர் கீழே. பிரேக் கட்டையை யாரோ துளையின் கடைசி விளிம்புவரை இறக்கி வைத்திருந்தார்கள். பின் அச்சுக்குக் கீழே காது போல ஒரு இரும்பு நாக்கு, அதில் மரை வெட்டாத துளை: டிஜோன் நகரத்து சிம்ப்ளெக்ஸ் கியர் தொங்கிய இடம். கியர் போய் ஒற்றைப் பல்சக்கர ஃப்ரீவீல் வந்திருந்தது. ஹேண்டில் தண்டை உப்புத்தாள் போட்டு நுழைத்திருந்தார்கள், ஏனென்றால் ஃபோர்க்கின் உள்ளளவு 22.2 இல்லை, 22. பெடல் துளையில் பழைய மரையை அழித்து இஞ்ச் மரை வெட்டியிருந்தது. இந்த வேலைகளைச் செய்தவர்கள் யாருமே தப்பாகச் செய்யவில்லை. உதிரி பாகம் கிடைக்காத ஊரில், சென்னையிலும் லூதியானாவிலும் செய்ததை வைத்து ஒரு அந்நிய வண்டியை ஓட வைத்தவர்கள். எனக்கு அந்த அரம் பட்ட தடங்கள் மேல் இன்றும் தனி மரியாதை.

பெயர்ப் பட்டை இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள்தான். பெஜோ என்றும் ஜித்தான் என்றும் இன்று வண்டி தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தக் கம்பெனிகள் எல்லாம் இதே மாஃபாக், இதே சிம்ப்ளெக்ஸைத்தான் பூட்டின. அதனால் பிரெஞ்சு என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு தொல்லை மட்டும் மிச்சமிருந்தது. வலது கப்புக்கு வலது மரை என்றால் மிதிக்க மிதிக்கத் தானாகவே கழலப் பார்க்கும். பிரிட்டிஷ்காரர்கள் அங்கே இடது மரை வைத்ததே அதைத் தடுக்கத்தான். பாய்தான் வழி சொன்னார். பைப்புக்காரர்கள் செய்வதுபோல நூலை வெள்ளைப் பெயின்ட்டில் நனைத்து மரையில் சுற்றி, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகே கிராங்கை ஏற்றினார். மாமா ரிட்டையர் ஆகும்வரை அந்த வண்டியில்தான் எச்.ஏ.எல். போய் வந்தார், கப் கழலவே இல்லை.